161-ம் நம்பர் வாசல்

சீசன் சமயத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போயிருக்கிறீர்களா? தலையில் எண்ணெய் வழிய நீங்கள் வரிசையில் நிற்கும்போது கவனித்திருக்கலாம். காவலுக்கு நிற்கும் போலீஸ்காரருக்குக் குளிப்பவர்கள்மேல் ஒரு கண் என்றால், அருவிமேல் இன்னொரு கண். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் தீர்ந்தது. விசில்! அத்தனை பேரும் வெளியே. அவர் செய்கிற வேலை இரண்டுதான். அவ்வப்போது நிமிர்ந்து பார்க்கவேண்டும். பார்க்காத நேரத்தில் அருவியின் சத்தம் மாறினால் அதையும் கேட்கவேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்தில், குற்றாலத்துக்கும் அதிக தூரமில்லாமல், மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். அங்கே ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அலுவலகம் இருப்பது தமிழ்நாட்டில் இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியின் முதல் சோறு எந்தப் பானையில் வெந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. அருவிக்கரை போலீஸ்காரர் பார்க்கிற அதே வேலைதான். தண்ணீருக்குப் பதில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1980 அக்டோபர் 27. இன்டர்நெட்டின் மூதாதையான ஆர்ப்பாநெட் அன்றைக்குப் படுத்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. அந்த நெட்வொர்க்கின் கணுக்களில் இருந்த இயந்திரங்கள், தங்கள் நிலவரத்தை மற்றவற்றுக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. புதுசு வந்தால் பழசைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரு கோளாறில் அந்த எண்கள் சிதைந்து, ஒரே இயந்திரத்தின் பெயரில் மூன்று தகவல்கள் சுற்ற ஆரம்பித்தன. முதலாவதைவிட இரண்டாவது புதுசு, அதைவிட மூன்றாவது புதுசு, மூன்றாவதைவிட முதலாவது புதுசு! எதைத் தூக்கிப் போடுவது? எதையுமே போடாமல் எல்லா இயந்திரங்களும் இந்த மூன்றையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. ‘என் நிலவரம் இது’ என்று சொல்லியே ஒரு நெட்வொர்க் பல மணி நேரம் மூச்சுத் திணறியது.

அடுத்து 1986. கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே வெறும் 400 கெஜம். அந்தத் தூரத்தில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, நெரிசலில் 40 பிட்டுக்கு விழுந்தது. ஒரு ஆளை ஓடவிட்டிருந்தால் சீக்கிரம் போயிருக்கும்.

நெட்வொர்க் சின்னதாக இருந்தவரை பிரச்னை வந்தால் போன் போட்டுக் கேட்டார்கள். ‘உங்க பக்கம் என்ன ஆச்சு?’ 1983-ல் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ என்ற குட்டி புரோகிராம் கைகொடுத்தது. ஆனால் அது, கதவைத் தட்டினால் ஆள் இருக்கிறாரா, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே அவருக்குக் காய்ச்சலா, கால் உடைந்திருக்கிறதா என்று சொல்லாது. ரவுட்டர்கள் பெருகப் பெருக, அவற்றை நலம் விசாரிக்க ஒரு பொது மொழி தேவைப்பட்டது. புரோட்டோகால் என்பது அதுதான்: யார் எப்படிக் கேட்கவேண்டும், யார் எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்ற ஒப்பந்தம்.

1988-ல் போட்டியில் மூன்று திட்டங்கள். கிரெய்க் பார்ட்ரிட்ஜும் கிளென் ட்ரூவிட்டும் உருவாக்கிய ஹெம்ஸ். உலகத் தர நிர்ணய அமைப்பு தயாரித்துக்கொண்டிருந்த, அரசாங்கங்களின் ஆசி பெற்ற, மகா பிரம்மாண்டமான சிமிப். மூன்றாவது, ஜெஃப்ரி கேஸ், ஜேம்ஸ் டேவின், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் என்ற நான்கு பேர் முந்தின வருடம் அவசரத் தேவைக்கு எழுதிய ஒரு சின்ன ஏற்பாடு. அதைக் கொஞ்சம் செப்பனிட்டு எஸ்.என்.எம்.பி. என்று பெயர் வைத்தார்கள். முதல் எழுத்துக்கு அர்த்தமே ‘எளிய’.

பஞ்சாயத்து கூடியது. தீர்ப்பை வின்ட் செர்ஃப் எழுதினார்: இப்போதைக்கு எஸ்.என்.எம்.பி., எதிர்காலத்துக்கு சிமிப். ஹெம்ஸ்காரர்கள் சண்டை போடாமல் கண்ணியமாக விலகிக்கொண்டார்கள். ஆக, எஸ்.என்.எம்.பி. ஒரு தற்காலிக ஏற்பாடு. தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? எதிர்காலத்துக்கென்று எடுத்துவைத்த சிமிப் டெலிபோன் கம்பெனிகளின் உலகத்தோடு ஒதுங்கிப்போனது. தற்காலிகம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் ஜெயித்தது? இயந்திரத்திடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை, அதனால். அந்தக் காலத்து ரவுட்டருக்கு மூளை சொற்பம், இருக்கிற வேலையே தலைக்கு மேல். அதற்குள் ‘ஏஜென்ட்’ என்ற சிறு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டரின் கம்ப்யூட்டரில் ‘மேனேஜர்’. முதல் வடிவத்தில் மொத்தமே ஐந்து வகைப் பேச்சு. இதைச் சொல்லு; அடுத்ததைச் சொல்லு; இதை மாற்று; இந்தா பதில்; ஐயோ, ஆபத்து! கடைசிக்கு ‘ட்ராப்’ என்று பெயர். முதல் மூன்றும் ஏஜென்ட்டின் 161-ம் நம்பர் வாசலுக்குப் போகும். ட்ராப் மட்டும் மேனேஜரின் 162-ம் வாசலைத் தட்டும். போலீஸ்காரர் நிமிர்ந்து பார்ப்பது 161, அருவியே சத்தம் போடுவது 162.

எதைக் கேட்பது? அதற்கு ‘மிப்’ என்ற பட்டியல். நம் தபால் விலாசம் மாதிரி மாநிலம், மாவட்டம், தெரு, கதவு எண் என்று கிளை பிரியும் மரம், ஆனால் முழுக்க எண்கள். 1.3.6.1 வரை வந்தால் இன்டர்நெட். அங்கிருந்து ஒரு கிளையில், இந்த இயந்திரம் எத்தனை நேரமாக விழித்திருக்கிறது. இன்னொன்றில், எந்த வயர் வழியாக எத்தனை பைட் போனது.

குறையில்லாமல் இல்லை. அந்த பைட் கணக்கு 32 பிட் மீட்டர். ஒரு கிகாபிட் வேகத்தில் முழுதாக ஓடினால் 34 நொடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்! அப்புறம் 64 பிட் மீட்டர் வைத்தார்கள். பாதுகாப்பு இன்னும் மோசம். ரகசிய வார்த்தை என்று ஒன்று உண்டு. அது மறைக்கப்படாமல் அப்படியே வயரில் போகும். பல இயந்திரங்கள் கடையிலிருந்து வரும்போதே அதற்கு ‘பப்ளிக்’ என்று வைத்திருக்கும். வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பதுகூட இல்லை, சாவி இருக்கும் இடத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டுவது. 2002-ல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஏராளமான கம்பெனிகளின் எஸ்.என்.எம்.பி. ஏஜென்ட்டுகளைக் கோணல்மாணலான கேள்வி கேட்டே விழவைக்கலாம் என்று காட்டினார்கள். அதே வருடக் கடைசியில், கேள்வியைப் பூட்டி அனுப்பும் மூன்றாம் வடிவம் முழுத் தரமானது.

இப்போது நம் ஊர். இந்த மொழியின் இலக்கணம் முழுக்கப் பொதுவில், இலவசமாகக் கிடைத்தது. படித்துப் புரிந்துகொள்ளத் தெம்பு இருந்தால் போதும். 1996-ல் டோனி தாமஸும் ஶ்ரீதர் வேம்புவும் வேம்புவின் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கிய அட்வென்ட்நெட், சென்னையில் ஆட்களை வைத்து இதைத்தான் ஜாவாவில் எழுதியது. ரவுட்டர், ஸ்விட்ச் தயாரிப்பவர்கள் தங்கள் சரக்கில் சேர்த்துக்கொள்ளத் தோதான எஸ்.என்.எம்.பி. உதிரி பாகங்கள் விற்பனைக்கு! டாட்காம் காலத்தில் வாங்க நிறையப் பேர் இருந்தார்கள். 2001-ல் அந்த பலூன் வெடித்ததும், வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளில் பெரும்பாலானவை காணாமல்போயின. அட்வென்ட்நெட் பக்கத்துத் தெருவுக்குக் கடையை மாற்றியது. இயந்திரம் செய்பவருக்கு விற்ற அறிவை, இயந்திரத்தை வைத்து அவஸ்தைப்படும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கே விற்கலாமே? 2002-ல் மேனேஜ்எஞ்ஜின் பிறந்தது. ஆப்மேனேஜர் என்ற அதன் கண்காணிப்பு சாஃப்ட்வேர் இன்றும் விற்கிறது.

தென்காசிக்கு அவர்கள் வந்தது 2011-ல். இங்கே உட்கார்ந்துதான் எஸ்.என்.எம்.பி. எழுதினார்கள் என்று கதைவிட மாட்டேன். தென்காசியில் உருவானது என்று பேர் வாங்கியது, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஜோஹோ டெஸ்க். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்விட்ச்சுக்கு ஜுரம் வந்தால் நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும் என்ற நிலைமை இருந்தால், சென்னையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவில் யார் ஆபீஸ் போடுவார்கள்? மலையடிவாரத்து இயந்திரத்தை எங்கிருந்தோ ஒருவர் கூப்பிட்டு விசாரிக்க முடிகிற தைரியத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. 2019-ல் ஶ்ரீதர் வேம்புவே மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். அதே வருடம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆனது.

இன்றைக்குப் பெரிய டேட்டா சென்டர்களில் கேட்காமலே தகவலைக் கொட்டிக்கொண்டிருக்கும் புது முறைகள் வந்துவிட்டன. எஸ்.என்.எம்.பி. ஓய்வு பெறப்போகிறது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆபீஸ் பிரின்டரும் யு.பி.எஸ்ஸும் இன்னும் 161-ல்தான் பதில் சொல்கின்றன.

அந்த மிப் மரத்தில் கம்பெனிகளுக்கென்று ஒரு கிளை உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கதவு எண் தருவார்கள். சிஸ்கோவுக்கு 9. அட்வென்ட்நெட்டுக்குக் கிடைத்தது 2162. கம்பெனி 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆப்மேனேஜர் ஒரு ட்ராப் அனுப்பினால், அதன் விலாசத்தில் இப்போதும் அந்த 2162 இருக்கிறது.