லெக்சிங்டன் பண்ணை: குணமானவர்கள் திரும்பிச் சென்ற இடம்

அபினும் அதன் வழிவந்த பொருட்களும் மனிதனை என்ன செய்யும் என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் எழுத்தாளர்கள் வழியாகவே அறிந்திருக்கிறோம். 1821-இல் வெளிவந்த தாமஸ் டி குவின்சியின் ஒப்புதல் நூல் அபின் தந்த கனவுகளையும் அச்சங்களையும் சொன்னது. 1953-இல் வில்லியம் லீ என்ற புனைபெயரில் வில்லியம் பரோஸ் வெளியிட்ட 'ஜங்கி' ஊசியோடு கழியும் அன்றாடத்தைச் சொன்னது. ஆனால், இதிலிருந்து மனிதனை மீட்க மருத்துவம் என்ன செய்தது, எங்கே இடறியது என்ற வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. பரோஸ் 1948-இல் சிகிச்சைக்குச் சென்ற இடத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகருக்கு வெளியே, ஏறத்தாழ 1000 ஏக்கர் நிலத்தில் 1935-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அரசு நிறுவனம் அது. மக்கள் அதைப் 'போதைப் பண்ணை' என்றார்கள். அங்கு ஒரு பாதி சிறை, மறு பாதி மருத்துவமனை. 1914-இன் ஹாரிசன் சட்டத்தையும் 1919-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அடுத்து, பழக்கத்திற்கு ஆளானவருக்கு அதே பொருளைத் தொடர்ந்து எழுதித்தரும் மருத்துவர் குற்றவாளியானார். மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டனர், சிறைகள் நிரம்பின. அந்த நெருக்கடியின் விளைவே பண்ணை. தண்டிக்கப்பட்டவர்களும் தாமாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர்.

உள்ளே நடந்தது என்ன? ஹெராயினை நிறுத்திய சில மணி நேரத்திலேயே உடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்சு, தசைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று வளர்ந்து, இரண்டு மூன்று நாட்களில் உச்சம் தொட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கும். லெக்சிங்டனில் முதலில் மார்ஃபினையும், 1940களின் இறுதியிலிருந்து மெத்தடோனையும் படிப்படியாகக் குறைத்து இந்த நாட்களைக் கடக்கச் செய்தார்கள். பிறகு வயல், மாட்டுப்பண்ணை, தையற்கூடம், உளவியல் உரையாடல் என்று மாதக்கணக்கில் வாழ்க்கை நடந்தது. ஜாஸ் கலைஞர்கள் பலர் வந்து தங்கியதால் இசைக்கும் அங்கே குறைவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, உழைப்பு ஆகியவை மனிதனைத் திருத்திவிடும் என்பது நிறுவியவர்களின் நம்பிக்கை.

உள்ளே இருந்தவரை அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. பெரும்பாலோர் உடல் தேறித்தான் வெளியேறினர். ஆனால் 1960களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு, நியூயார்க் நகருக்குத் திரும்பியவர்களில் 90 விழுக்காட்டினருக்கும் மேல் மீண்டும் பழக்கத்திற்கு ஆளானதைக் காட்டியது. இதற்கான ஒரு விளக்கத்தை அங்கேயே பணியாற்றிய ஆய்வாளர் ஆபிரகாம் விக்லர் 1948-இலேயே முன்வைத்திருந்தார். மாதக்கணக்கில் மருந்தின்றி நலமாக இருந்தவர்கள் தங்கள் பழைய தெருவை நெருங்கியதும் கொட்டாவியும் கண்ணீரும் குமட்டலும் கொண்டார்கள். பாவ்லோவின் நாய்க்கு மணியோசை எப்படியோ, அப்படியே இவர்களுக்குத் தெருமுனை. உடலிலிருந்து நஞ்சு நீங்கியிருந்தது. நினைவிலிருந்து இடம் நீங்கவில்லை.

சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் இதைத் தம் வாழ்வில் உணர்ந்தவர். 1955-இல் லெக்சிங்டனில் சிகிச்சை பெற்று வெளியேறிய அவர், உடனே மேடைக்குத் திரும்பவில்லை. சிகாகோவில் துப்புரவுப் பணி போன்ற சாதாரண வேலைகளைச் செய்துகொண்டு, இசைக்கூடங்களிலிருந்து விலகியிருந்தார். பழைய நண்பர்கள் நீட்டியதை மறுக்கும் உறுதி வந்த பிறகே வாத்தியத்தோடு திரும்பினார்.

இன்னொரு சான்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. வியட்நாமிலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் போர்க்களத்தில் போதைக்கு அடிமையாகியிருந்தார். அவர்களில் ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 விழுக்காட்டளவே. பழக்கம் பிறந்த மண்ணும் அதன் நெருக்கடியும் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டன. லெக்சிங்டன்வாசிகளோ பழக்கம் பிறந்த மண்ணுக்கே அனுப்பப்பட்டார்கள்.

எல்லோரையும் இடம்பெயர்க்க முடியாது. அப்படியானால், அவரவர் தெருவில் வைத்தே சிகிச்சை அளிக்க வேண்டும். லெக்சிங்டனில் பணிபுரிந்த மேரி நைஸ்வாண்டர், நியூயார்க்கில் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து அதைச் செய்தார். அவர்களது முதல் ஆய்வு 1965-இல், 22 பேரின் அனுபவத்தோடு வெளியானது. நாளுக்கு ஒருமுறை வாய்வழி தரப்படும் மெத்தடோன் மெதுவாக வேலை செய்வது. தக்க அளவில் தந்தால், ஏறி இறங்கும் போதையின்றி வேட்கையை அடக்கி வைக்கும். அதை உண்டவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனார்கள். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று' என்ற பழி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மெத்தடோனையும் பியூப்ரெனார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

லெக்சிங்டனின் கதையை முழுப் புகழோடு முடிக்கவும் இயலாது. ஆய்வுக்கு இசைந்த கைதிகளுக்குப் போதைப்பொருளே சன்மானமாகத் தரப்பட்டது 1975-இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிப்பட்டது. மருத்துவத்திற்குப் பயன்பட்ட அறிவில் ஒரு பகுதி அந்த விலை கொடுத்துப் பெற்றது என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சில வாரம் மருந்தின்றி இருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில நாட்களில் அதே அளவை எடுப்பவர் மூச்சடங்கி இறக்கக்கூடும். 'சுத்தமாக்கி' அனுப்பியதோடு கடமை முடிந்ததென எண்ணும் சிகிச்சை, ஒருவரை மிக ஆபத்தான வாரத்தின் வாசலில் தனியே நிறுத்திவிடுகிறது. மறுவாழ்வு மையத்தின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் 'எத்தனை நாளில் குணமாகும்?' என்று கேட்பது இயல்பு. அதைவிட முதலில் கேட்க வேண்டியவை: வெளியே வந்த மறுநாள் அவருக்கு மருந்து எங்கே கிடைக்கும்? எந்தத் தெருவில் வாழ்வார்? அவருடன் யார் இருப்பார்கள்?