பூட்டிய அலுமாரியில் இருந்த கைநூல்

பாடசாலை வரலாறு எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் நினைவுகூருவது வழக்கம். நாம் ஒரு புத்தகத்தை நினைவுகூர விரும்புகிறோம். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்த எவரும் அதை மறந்திருக்கமாட்டார். இரசாயனவியல் ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரியில் இருந்த தடித்த தரவுக் கைநூல் அது. ஆசிரியை திறப்புடன் வந்தால்தான் அதைத் தொடலாம்.

அதன் பிறப்பு சுவையானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆய்வுகூடங்களுக்கு இறப்பர்ப் பொருட்கள் விற்ற ‘கெமிக்கல் றப்பர் கொம்பனி’, 1913இல் 116 பக்கச் சிறுநூலாக அதை வெளியிட்டது. உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி, கரைதிறன் எனப் பலர் அளந்தவை ஓரிடத்தில் சேர்ந்தன. ஈராயிரம் பக்கங்களைத் தாண்டி வளர்ந்த அந்நூல் 2019இல் நூறாவது பதிப்பைக் கண்டது. இலண்டனில் கே, லாபி இருவரின் மாறிலி அட்டவணைகள் 1911இலேயே வெளிவந்திருந்தன. இரசாயனப் பொறியியலாளருக்கான பெரியின் கைநூல் 1934இல் வந்தது.

எங்கள் அலுமாரியில் இரு பதிப்புகள் இருந்தன. பழையதில் ஒட்சிசனின் அணுநிறை 16, புதியதில் 15.9994. அச்சுப்பிழை என்றே நினைத்தோம். ஆசிரியை சிரித்துவிட்டு விளக்கினார். முன்னர் இரசாயனவியலாளர் ஒட்சிசனை 16 எனக் கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டனர். 1961இல் காபன்-12 சமதானியை 12 எனக் கொள்ள உலகம் உடன்பட்டது. ஒட்சிசன் மாறவில்லை, ஒப்பிடும் அடிப்படைதான் மாறியது. எந்த எண்ணையும் எடுக்குமுன் அது எந்தப் பதிப்பு, எந்த வெப்பநிலை, எந்த அலகு என்று கேட்கும் பழக்கம் அன்றே எமக்கு வந்தது.

செறிந்த சல்பூரிக்கமிலம் 98 சதவீதம், அடர்த்தி 1.84 என்று பார்த்தே ஐதான கரைசல் தயாரித்தோம். எம்மிற் பலர் பின்னர் மருந்தாளராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியைகளாகவும் பணியாற்றினர். தவறாக எடுத்த ஓர் எண் நோயாளியையோ குடிநீரையோ பாதிக்கும் என்பதை அங்கே கண்டனர்.

இடப்பெயர்வில் அலுமாரியும் நூல்களும் போயின. திரும்பி வந்தபோது வெறும் சுவரே நின்றது. இன்று அமெரிக்கத் தர நிறுவனத்தின் இரசாயனத் தரவுகள் 1996 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மூலம் தெரியாத எண்களும் அதே கைபேசியில்தான் வருகின்றன. இரண்டையும் பிரித்தறிய, பக்கம் புரட்டிப் பார்க்கும் ஒரு நூல் எம் தங்கைமாருக்கு வேண்டும்.

ஆகவே, எங்கிருந்தாலும் பழைய மாணவிகளிடம் நாம் கேட்பது இதுதான்: இந்த நூற்றாண்டில் ஆய்வுகூடத்துக்கு அண்மைப் பதிப்புக் கைநூல்கள் சில வாங்கிக் கொடுப்போம். இம்முறை அவற்றைப் பூட்டில்லாத தட்டிலே வைப்போம்.