தேடப்படாத பிள்ளைகள்

வீட்டை விட்டு ஓடிய சிறாரின் நிலையை ஊராருக்கு எடுத்துச்சொல்லும் வேலை அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க் தெருக்களில் செய்தித்தாள் விற்றுப் பிழைத்து, கிடைத்த மூலையில் உறங்கிய சிறுவர்களுக்காக சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இளம் மதபோதகர் 1853-இல் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே பேப்பர் விற்கும் பையன்களுக்கென ஒரு விடுதியும் திறந்தார். ஓயாமல் எழுதியவர் பிரேஸ். ஆனால் நன்கொடை தருவோரின் மனத்தை அசைக்க அவர் பெரிதும் நம்பியது அச்சத்தைத்தான். இந்தப் பையன்களைக் கவனிக்காமல் விட்டால் நாளை நகரத்துக்கே கேடு என்பது அவர் வாதம். 1872-இல் வெளியான அவரது நூலின் தலைப்பே 'நியூயார்க்கின் அபாயகரமான வகுப்பினர்' என்பதுதான். 1854 முதல் 1929 வரை சுமார் 2 லட்சம் சிறார் ரயிலேற்றப்பட்டு, பெரும்பாலும் மத்திய மேற்கு மாநிலக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அனாதை ரயில் என்று பெயர் பெற்ற அந்த வண்டிகளில் போன பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நிலைமை தலைகீழானது. இப்போது ரயிலில் ஏற்றிவிட யாரும் தேவைப்படவில்லை. பிள்ளைகளே சரக்கு ரயில்களில் தாவி ஏறினார்கள். அப்படி அலைந்த பதின்வயதினர் சுமார் 2.5 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. வீட்டில் ஒரு வயிறு குறையட்டும் என்று கிளம்பியவர்கள் அவர்களில் ஏராளம். ஓடும் வண்டியிலிருந்து விழுந்து கைகால் இழந்தவர்களும் உண்டு. தாமஸ் மினஹன் என்ற சமூகவியலாளர் நாடோடி வேடத்தில் அவர்களோடு திரிந்து 1934-இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே திரைப்பட இயக்குநர் வில்லியம் வெல்மன் அவர்களைப் பற்றிப் படமெடுத்திருந்தார். அதே 1933-இல் அரசு தொடங்கிய இயற்கைவளப் பாதுகாப்புப் படை, இளைஞர்களுக்குக் காடு வளர்க்கும் வேலையும் மாதம் 30 டாலர் சம்பளமும் கொடுத்தது. அதில் சுமார் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பிள்ளைகள் ஓடுவதற்கு வறுமை காரணம் என்பதை நாடு ஒப்புக்கொண்ட அரிய காலம் அது. ஆயினும் தொடக்கத்தில் படையில் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுப் பையனுக்கு அங்கே இடமில்லை. பெண்களுக்கும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செழிப்பில் இந்தப் புரிதல் மங்கிப்போனது. ஓடிப்போவது பிள்ளையின் கோளாறு என்ற பார்வை மேலோங்கியது. பெரியவர் ஒருவர் வீட்டை விட்டுப் போனால் அது குற்றமாகாது. சிறாருக்கு அதுவே குற்றமாக இருந்தது. அடி தாங்காமல் வெளியேறிய 14 வயதுச் சிறுமியைத் திருட்டு வழக்கில் பிடிபட்டவர்களோடு சேர்த்து அடைத்துவைக்கச் சட்டம் இடங்கொடுத்தது. இதைவிடக் கொடிய தலைகீழ் நியாயம் இருக்க முடியாது.

1967 கோடையில் பல்லாயிரம் இளையோர் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் வந்து குவிந்தார்கள். ஹிப்பிகளின் பூவும் பாட்டும் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. பசியும் நோயும் போதையும் பின்னால்தான் தெரிந்தன. அந்த ஜூன் மாதம் அங்கே திறக்கப்பட்ட ஹக்கிள்பெரி இல்லமே, ஓடிவந்த சிறாருக்கென அமெரிக்காவில் அமைந்த முதல் காப்பகமாகக் கருதப்படுகிறது. பிள்ளையைப் பிடித்துக் கொடுக்காமல், அதன் பேச்சைக் கேட்டு, பெற்றோரோடும் பேசிப் பார்க்கும் முறை அங்கிருந்து பிற நகரங்களுக்குப் பரவியது. 1971-இல் சிகாகோவில் மெட்ரோ-ஹெல்ப் என்ற தொலைபேசி உதவிச் சேவை தொடங்கியது.

1972 ஜனவரியில் செனட்டர் பர்ச் பாய் ஓடிப்போகும் சிறார் குறித்து நாடாளுமன்ற விசாரணை நடத்தினார். ஆனாலும் நாட்டை உலுக்கியது 1973 ஆகஸ்டில் ஹூஸ்டனில் வெளிப்பட்ட கொடூரம்தான். ஒரே கொலைகாரனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் இரையான 27 பதின்வயதுப் பையன்களின், இளைஞர்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பலர் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். மகனைக் காணவில்லை என்று பெற்றோர் பலர் காவல்துறையிடம் முன்பே முறையிட்டிருந்தார்கள். ஓடிப்போயிருப்பான், தானே திரும்புவான் என்ற பதிலே அவர்களுக்குக் கிடைத்தது. ஏட்டில் எழுதிய அந்த ஒரு குறிப்பு, தேடுதலையே நிறுத்திவிடப் போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு, 1974 செப்டம்பர் 7 அன்று, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சிறார் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பகுதியாக ஓடிப்போன சிறார் சட்டம் இடம்பெற்றது. காப்பகங்களுக்கு மத்திய அரசு நிதி வழங்க அது வழிசெய்தது. சிறார் நீதிச் சட்டமோ, ஓடிப்போனதற்காக மட்டும் சிறாரைப் பூட்டிவைக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு மாநிலங்களை வற்புறுத்தியது. சிகாகோ சேவை நாடு முழுவதற்குமான உதவி எண்ணாக வளர்ந்தது. பிள்ளைகள் தாமாக ஓடுவது ஒருபுறமிருக்க, வீட்டாராலேயே துரத்தப்படுவதும் உண்டு என்பது காப்பகங்களில் தினமும் கண்ட உண்மை. 1977-இல் சட்டத்தின் பெயரோடு வீடற்ற இளையோரும் சேர்க்கப்பட்டார்கள்.

1980-களில் விழிப்புணர்வு வேறு திசையில் போனது. 1984-இல் அயோவா மாநிலத்தின் பால் நிறுவனம் ஒன்று, காணாமற்போன சிறுவர்களின் படங்களைப் பால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டது. வழக்கம் நாடெங்கும் பரவியது. பெற்றோரின் தவிப்பில் பொய்யில்லை. ஆனால் காலையுணவு மேசையில் நாட்டின் கண்முன் நின்றதெல்லாம் பிள்ளை பிடிக்கும் அந்நியன் மட்டுமே. காணாமற்போனவர்களில் பெரும்பகுதியினர் வீட்டுச் சண்டையாலும் அடியாலும் வெளியேறியவர்கள் என்பதைச் சொல்ல அந்தப் பெட்டியில் இடமில்லை.

அந்த உண்மையைப் படம்பிடித்தவர்கள் வேறு சிலர். 1983-இல் லைஃப் இதழுக்காக மேரி எலன் மார்க் சியாட்டில் தெருச் சிறாரை எடுத்த புகைப்படங்களும், அவற்றைத் தொடர்ந்து அவரது கணவர் மார்ட்டின் பெல் இயக்கிய 'ஸ்ட்ரீட்வைஸ்' ஆவணப்படமும் அந்தப் பிள்ளைகளைப் பெயரும் முகமும் உள்ள மனிதர்களாகக் காட்டின. அதே 1983-இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் 'பாதுகாப்பான இடம்' திட்டம் பிறந்தது. மஞ்சள் பலகை தொங்கும் கடையிலோ நூலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ சிறார் நுழைந்து உதவி கேட்கலாம். 1987 முதல் கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனம் வீடு திரும்ப விரும்புவோருக்கு இலவசப் பயணச்சீட்டு வழங்கிவருகிறது. 1993-இல் சோல் அசைலம் இசைக்குழு தன் 'ரன்அவே டிரெயின்' பாடலின் காணொளியில் காணாமற்போன சிறாரின் படங்களைக் காட்டியது. அதனால் பலர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். எந்த வீட்டிலிருந்து தப்பினார்களோ அதற்கே அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு என்று குழுவினர் பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார்கள். கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை இந்தப் பிரசாரங்கள் தாமதமாகவே உணர்ந்தன.

1999-க்கான நீதித்துறைக் கணக்கெடுப்பு, அந்த ஓராண்டில் ஓடிய அல்லது துரத்தப்பட்ட சிறார் சுமார் 16.8 லட்சம் என்று மதிப்பிட்டது. 2002 முதல் நவம்பர், ஓடிப்போவதைத் தடுக்கும் மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஓடுவதற்கு முன்பே பிள்ளையும் பெற்றோரும் உதவி எண்ணை அழைத்துப் பேசலாம் என்பதை அந்த மாதத்தின் பிரசாரம் வலியுறுத்துகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாப்பின் ஹால் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினரில் 30 பேருக்கு ஒருவரும், 18 முதல் 25 வயதினரில் 10 பேருக்கு ஒருவரும் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் வீடின்றித் தவித்திருந்தார்கள். நண்பர் வீட்டு சோபாவில் மாறி மாறிப் படுத்தவர்களும் இதில் அடக்கம். தெருவில் எண்ணும் கணக்கில் அவர்கள் வருவதில்லை. பெருநகரத்துத் துன்பம் என்றே அதுவரை கருதப்பட்ட இது, கிராமப்புறங்களிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இருந்தது.