நெஞ்சு முந்தியா, காற்று முந்தியா? மானிப்பாயில் தமிழில் எழுதப்பட்ட மூச்சின் பாடம்



போன கிழமை சுவாசத்தொகுதி படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், காத்து உள்ள போறதாலயா நெஞ்சு விரியுது, நெஞ்சு விரியிறதாலயா காத்து உள்ள போகுது?"

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "காத்து போறதாலதான்" என்றார்கள். உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். உண்மை அதற்கு எதிர்மாறு.

சுவாசப்பைக்குத் தானாக விரியும் தசை கிடையாது. நெஞ்சறையின் அடியிலுள்ள பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகிறது. விலா என்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்களை மேலே தூக்குகின்றன. நெஞ்சறை பெருக்க, உள்ளே அமுக்கம் குறைய, வெளிக்காற்று ஓடி வருகிறது. நெஞ்சுச் சுவரோடு சுவாசப்பையை ஒட்டி வைத்திருப்பவை இரண்டு மெல்லிய சவ்வுகளும் இடையிலுள்ள சிறிதளவு திரவமும்தான். காயம்பட்டு நெஞ்சில் துளை விழுந்து, அந்த இடைவெளியில் காற்றுப் புகுந்தால் சுவாசப்பை சுருங்கிவிடும். உயிரே போகலாம்.

இதை மனிதர் ஒரே நாளில் அறியவில்லை. 2 ஆம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் கேலன், விலங்குகளின் நரம்புகளை வெட்டிப் பார்த்து, சுவாசத்தை நடத்துவது நெஞ்சுத் தசைகளே என்று காட்டினார். ஆனால் இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளூடாக இரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று பிழையாகவும் சொன்னார். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அது நம்பப்பட்டது. டமஸ்கஸில் படித்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ், இப்னு சீனாவின் நூலுக்கு 1242 இல் எழுதிய உரையில் அதை மறுத்தார். அந்தச் சுவரில் துளை இல்லை, இரத்தம் சுவாசப்பைக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்றார். 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோன் மேயோ, துருத்திக்குள் ஒரு சவ்வுப் பையை வைத்து, துருத்தி விரியப் பை தானாக நிரம்புவதை விளக்கினார்.

அடுத்த அத்தியாயம் எங்கள் மண்ணில். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 60 இற்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாக்கினார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், 1864 இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை. அவரும் அவருடைய மாணவர்களும் சொல்லைத் தேடி, இல்லாததை ஆக்கினார்கள். 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். அங்காதிபாதம் என்றால் உடலமைப்பு, சுகரணம் என்றால் உடற்றொழில். அந்தச் சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆனால் நுட்பமான அறிவைத் தமிழில் சொல்லலாம் என்ற துணிவு அங்கே மானிப்பாயில் எழுதி வைக்கப்பட்டது.

இதை ஏன் எழுதுகிறேன்? நான் இதே பாடத்தைப் புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில், கிடுகுக் கொட்டில் வகுப்பில், குறிப்பைப் பார்த்து எழுதி மனனம் செய்து படித்தவன். பரீட்சையில் புள்ளி கிடைத்தது. ஆனால் நெஞ்சு முந்தியா காற்று முந்தியா என்று அன்று யாரும் கேட்டிருந்தால், நானும் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். சொந்த மொழியில் படித்தும் விளங்காமல் படித்தால், அந்த மொழிக்காக உழைத்தவர்களின் பாடு வீண்தானே?

இன்றைக்கு வீட்டில் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டுங்கள். வாயில் ஒரு பலூனை மாட்டி உள்ளே தொங்க விடுங்கள். அடியை இன்னொரு பலூன் தோலால் இறுக்கி மூடி, மெதுவாகக் கீழே இழுங்கள். உள்ளேயிருக்கும் பலூன் யாரும் ஊதாமலே விரியும். "ஏன்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளையே சொல்லட்டும்.