நெட்டித் தொப்பியும் தலைத்துண்டும்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையினர் அங்குத் தமக்கென ஒரு தெருவைக் கண்டனர். முதலில் மலபார் தெரு எனவும் பின்னர்ச் சூலியா தெரு எனவும் அது பெயர் பெற்றது. கடைவீடுகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதை, வணிகருக்கும் வாடிக்கையாளருக்கும் நிழல் தந்தது. கடல்துறையிலிருந்து மூட்டை சுமந்து வந்த தமிழ் உழைப்பாளருக்கோ வெயிலே வழி. தலையிற் கட்டிய துண்டே காப்பு.

அதே வெயிலில் வெள்ளை அதிகாரி தடித்த நெட்டித் தொப்பி அணிந்து சென்றார். முதுகுத்தண்டின்மேல் பஞ்சுத் திண்டு கட்டிக்கொண்டோரும் உண்டு. கதிரவனின் கதிர்கள் மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்குகின்றன என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரஃப், வெப்பமண்டல ஒளி வெள்ளையரைக் கெடுக்கிறது என 1905இல் ஒரு நூலே எழுதினார். கருந்தோல் அவ்வொளிக்குக் கவசம் என்பது அவர் வாதம். (பிலிப்பைன்சில் படைவீரர்க்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவித்தும் சோதித்தனர், பயன் காணவில்லை.) நகைப்புக்கு இடமான இக்கொள்கையில் நஞ்சும் ஒளிந்திருந்தது. தோலே கவசமாயின், அத்தோலுடையானுக்கு நிழல் எதற்கு, ஓய்வு எதற்கு?

அதே 1905இல் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன் தம் ஆய்வை வெளியிட்டார். கதிரவன் எட்டாத கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கத்திலும் அவர் ஆராய்ந்திருந்தார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 31 பாகை செல்சியசைத் தாண்டினால், காற்றசையாத இடத்தில் வாளாவிருப்பவனின் உடல்வெப்பமும் ஏறுகிறது. உழைப்பவனுக்கு அவ்வெல்லை இன்னும் தாழ்ந்தது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். பினாங்கின் ஈரக்காற்றில் அது எளிதில் உலராது.

உடல் சூடேறும்போது தோலின் குருதிக்குழாய்கள் விரிந்து, உள்வெப்பத்தை வெளியே கொணர்கின்றன. அதற்கு ஈடாகக் குடலின் குழாய்கள் சுருங்குகின்றன. வியர்வையால் நீர் குறைய, குருதியின் அளவு குன்றி, இதயம் திணறுகிறது. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்தபின் குழாய்களின் உட்படலமே சிதைவுறுகிறது, ஆங்காங்கே நுண்கட்டிகள் உறைகின்றன, நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. உளறலும் வலிப்பும் மயக்கமும் அதன் அறிகுறிகள். சிறுமூளை மிக எளிதில் கெடுவதால், பிழைத்தவர் சிலர் நடை தடுமாறி, நாக்குழறி வாழ்கின்றனர். குளிர்நீரில் அமிழ்த்தி அரைமணி நேரத்திற்குள் உடலைத் தணிப்பதே உயிர்காக்கும் வழி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையே நெட்டித் தொப்பியைக் கைவிடத் தொடங்கியது. தோலைப் பற்றிய எண்ணம் அவ்வளவு விரைவில் மறையவில்லை. வெயில் நமக்குப் பழகியதுதானே என நம்மவரே கூறுவதைக் கேட்கலாம். பழக்கம் உண்டு, ஆனால் அது பிறப்பால் வருவதன்று. வெப்பத்தில் ஓரிரு வாரம் உழைத்தால் வருவது. சில வாரம் விலகியிருந்தால் போய்விடுவது.

1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று. பணியிட வெப்பத்தைப் பற்றி மலேசியத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை வழிகாட்டி வெளியிட்டது 2016இல்தான். ஈரம், காற்று, வெயில், வேலையின் கடுமை ஆகியவற்றோடு, வேலைக்குப் புதியவனா பழகியவனா என்பதையும் அது கணக்கிற் கொள்கிறது.