புறக்கடைப் பறவைகள்

நெல் விளையும் ஊர்களில் அறுவடை முடிந்ததும் முற்றிய கதிர்களில் ஒரு பிடியைத் தனியே எடுத்து, குஞ்சமாகப் பின்னி, வீட்டு முகப்பில் இறவாணத்தின்கீழ்த் தொங்கவிடுவது நெடுநாளைய வழக்கம். வீட்டுக்கு அது மங்கலம்; சிட்டுக்குருவிக்கு அது உணவு. எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியிலோ, ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடுத்த வயல்கள் நீங்கலாக, மற்றவை பெரும்பாலும் மேட்டாங்காடு. ஆகவே இங்கே குருவிக்கு வாய்த்தவை கம்பும் சோளமும் கேழ்வரகுமே. வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கத்தில் 'பொடக்காலி' என்பார்கள். புறக்கடை என்பது ஏட்டு வழக்கு. கம்பு குத்துவதும், முறத்தில் புடைப்பதும், பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். உரலைச் சுற்றித் தெறித்த குருணையும், கழுநீரோடு ஒதுங்கிய பருக்கையும் யாரும் திட்டமிட்டு வைத்த விருந்தல்ல; ஆயினும் நாள் தவறாத விருந்து. காக்கை ஒன்றைத்தான் பெயர் சொல்லி அழைத்து இலையில் சோறு வைத்தார்கள்.

மேனாட்டார் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் தீனிப் பெட்டி பொருத்தி, சாளரத்துக்கு உள்ளே இருந்துகொண்டு பறவைகளைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்த்திருக்கின்றனர். அதைக் கேள்வியுறும் நம்மவர் சிலர், "இது நம் பாட்டிமார் செய்ததுதானே" என்று பெருமை கொள்கின்றனர். அந்தப் பெருமை பாதியளவே பொருந்தும் என்பது என் துணிபு. இடுவதை நாம் செய்தோம். வந்தது எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்று எழுதி வைப்பதை நாம் செய்யவில்லை.

நம் முன்னோர் பறவைகளை அறியாதவர்கள் அல்லர். குறிஞ்சி நிலத்து மகளிர் பரண்மீதிருந்து தினைப்புனத்தில் கிளி ஓட்டிய செய்தி சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகிறது. அப்பாடல்களில் வரும் பறவைகளை ஒவ்வொன்றாக இன்றைய பறவைகளோடு பொருத்திப் பார்க்க முயன்ற பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலைப் புரட்டினால், அக்காலத்தார் கண்ணின் கூர்மை விளங்கும். என் இளமையில்கூடச் சோளம் பால்பிடிக்கும் பருவத்தில் பரண் கட்டி, தகர டப்பாவைத் தட்டி, கவண் எறிந்து கிளி விரட்டுவது சிறுவர்களின் வேலையாக இருந்தது. காட்டில் கிளியை விரட்டிய அதே சிறுவன் வீடு திரும்பியதும், தன் தட்டில் எஞ்சியதைப் பொடக்காலியில் குருவிக்கு வீசுவான். காட்டில் பகை, வீட்டில் உறவு; இதில் முரண் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை.

எழுதி வைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள்; அவர்கள் கையில் இருந்ததோ துப்பாக்கி. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் (1811–1872) அவர்களில் முதன்மையானவர். 1840களில் அவர் சென்னையில் வெளியிட்ட பறவைப் படநூலுக்கு ஓவியம் தீட்டியவர்கள் இந்நாட்டு ஓவியர்களே. அதன்பின் 1862 முதல் 1864 வரை 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். புதர்க்காட்டு வானம்பாடி ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எங்கள் மாவட்டத்துக்கே நேரில் வந்த முயற்சி ஒன்றும் உண்டு. ஆர்தர் வெர்னே என்னும் செல்வர் பொருளுதவி செய்ய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1929–30ஆம் ஆண்டுகளில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளை ஆராய்ந்தது. சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் அந்த ஆய்வில் அடங்கும். சுட்ட பறவையின் தோலை உரித்து, நஞ்சு மருந்து தடவி, பஞ்சடைத்து, காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டுவார்கள். பிடித்த இடம், நாள், ஆணா பெண்ணா என்னும் விவரங்கள் அதில் இருக்கும். அவற்றைக் கொண்டு விஸ்லர், கின்னியர் என்னும் இருவர் எழுதிய விரிவான கட்டுரைகள் அக்கழகத்தின் இதழில் 1930 முதல் தொடர்ந்து வெளிவந்தன. கேட்பவர் சிலருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நிறத்திலும் உருவத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் இரு சிற்றினங்களைப் பிரித்தறிய, இறக்கையையும் அலகையும் அளந்து பார்ப்பதைத் தவிர அன்று வேறு வழி அரிது. எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. சேர்வராயன் மலைப் பறவைகளைப் பற்றி 1929ஆம் ஆண்டில் ஏதேனும் அறிய வேண்டுமானால் அந்தச் சீட்டுகளைத்தான் கேட்க வேண்டும். மலையடிவாரத்துச் சமவெளியில், ஆயிரம் பொடக்காலிகளில் நாள்தோறும் வந்திறங்கிய பறவைகளுக்குச் சீட்டும் இல்லை, சான்றும் இல்லை.

துப்பாக்கி இருந்த இடத்துக்கு மெல்ல மெல்லப் புகைப்படக் கருவி வந்தது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டையோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் பிடித்தார்கள். 1895இல் முழுதும் புகைப்படங்களாலேயே விளங்கிய பறவைக்கூட்டு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். பறவை அஞ்சாதிருக்க, மாட்டின் தோலுக்குள் சட்டம் அமைத்து, அந்தப் பொய்மாட்டுக்குள் நின்றும் அவர்கள் படம் எடுத்ததுண்டு! இந்தியாவில் இக்கலையைப் பயின்ற லோதர் என்பவரின் நூல் 1949இல் வெளிவந்தது. அக்காலத்துக் கருவிகள் கனமானவை, மெதுவானவை. ஆதலால் பறவை திரும்பத் திரும்ப வந்தே தீரும் இடமாகிய கூட்டின் அருகில் துணிமறைப்புக் கட்டிக் காத்திருப்பதே வழியாயிற்று. அதில் ஒரு தீங்கும் இருந்தது. தாய்ப்பறவை கலைந்தால் முட்டை குளிர்ந்துவிடும். குஞ்சு வெயிலில் வாடிவிடும். தீனியும் தண்ணீரும் வைத்த இடமும் பறவை திரும்பத் திரும்ப வரும் இடந்தான். அங்கே கலைந்தாலும் பறவைக்கு இழப்பு ஒரு வாய் உணவே. புறக்கடையில் படம் எடுப்பதன் சிறப்பு இதில் இருக்கிறது.

தமிழர்களில் இத்துறையில் முதலில் சொல்லத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் அவர் மறைந்த நாள்வரை, ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள், தொடர்ந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தையே அவர் விரும்பினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியும் அமைத்துக்கொண்டார். யானையையும் காட்டெருமையையும் தேடி அவர் காடுகளில் திரிந்தது பலருக்குத் தெரியும். காக்கை, மைனா, அணில், பல்லி ஆகியவற்றையும் அதே மதிப்போடு பார்த்து எழுதினார் என்பதே ஆசிரியனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்தது. 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எழுதி வைக்காததால் நாம் இழப்பது என்ன என்று கேட்கலாம். சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்வோம். "குருவி அழிந்துவிட்டது, கைப்பேசிக் கோபுரம்தான் காரணம்" என்று திண்ணைதோறும் பேசுகிறார்கள். கோபுரத்தின்மேல் சாட்டிய குற்றத்துக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. 15,000 பேருக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் குறிப்புகளைத் திரட்டி 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் தொகை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் கூறியது. அப்படியானால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என்ன ஆயிற்று? திருச்செங்கோட்டில் என்ன ஆயிற்று? குறைந்தது என்று சொல்லும் முதியவரும் நினைவை வைத்துத்தான் சொல்கிறார். குறையவில்லை என்று மறுப்பவரும் நினைவை வைத்துத்தான் மறுக்கிறார். வழக்கு உண்டு, ஆவணம் இல்லை.

சிறிய அளவில் ஆவணம் உண்டாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பொருளின் பெயரைச் சொல்லிக் கொடுக்குமுன் பொருளைக் காணச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இராசிபுரம் வட்டாரத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், வேப்பமரத்தடியில் அகன்ற மண்சட்டி ஒன்றில் தண்ணீரும், பக்கத்துக் கல்லின்மீது ஒரு கைப்பிடிக் கம்பும் வைத்து, முதல் மணிக்கு முன் பத்து நிமிடம் இரண்டு மாணவர் முறைவைத்து உட்கார்ந்து எழுதுமாறு ஏற்பாடு செய்தேன். ஒரே பறவையை ஒருவன் 'கரிச்சான்' என்றும், மற்றவன் 'ரெட்டைவாலன்' என்றும் எழுதுவான். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் படம் வரையச் சொல்வேன். இவ்வகை ஊர்ப்பெயர்களைத் தேடித் தொகுத்த பேராசிரியர் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' பின்னாளில் எங்களுக்குத் துணையாயிற்று. மாங்குயில் ஐப்பசி வாக்கில் வந்து கோடைக்குமுன் மறைந்துவிடுவதை எவரும் சொல்லிக் கொடுக்காமல், நோட்டின் பக்கங்களிலிருந்தே மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். தவிட்டுக்குருவி தனியே வந்ததாக ஒரு நாள்கூட எழுதப்படவில்லை.

அந்த நோட்டுகளில் இன்னொன்றும் பதிவாயிற்று. சிட்டுக்குருவி நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வந்துகொண்டிருந்தது. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துத் தளம் போட்ட புதுக் கட்டடம் எழுப்பிய ஆண்டில் அந்த எண் நான்காயிற்று, பிறகு இரண்டாயிற்று, மறு ஆண்டு அந்தக் கட்டம் பல வாரங்கள் வெறுமையாகவே கிடந்தது. கம்பும் தண்ணீரும் முன்போலவே வைத்துக்கொண்டுதான் இருந்தோம். குருவிக்குத் தீனியைவிட முதலில் வேண்டியது ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே கூடு கட்ட ஒரு சந்து என்பதையும், குஞ்சுக்குத் தானியம் அன்று, புழு பூச்சியே உணவு என்பதையும் நூலில் படித்திருந்தேன். அதை ஒரு பள்ளிக்கூடத்து நோட்டு எண்களாலேயே காட்டியது. ஒரு பள்ளியை வைத்து ஊரெங்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பல ஊர்களின் நோட்டுகள் வேண்டும். நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மூன்று நோட்டுகளில் இரண்டு பழைய தாள்களோடு எடைக்குப் போய்விட்டன. எஞ்சிய ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

இடுவதைப் பற்றியும் சில சொற்கள். எதை வைக்கிறோமோ அதற்கேற்றவரே விருந்தினர். சோறு வைத்தால் காக்கையும் மைனாவும் வரும்; கம்பும் தினையும் இறைத்தால் குருவி, சில்லை, புறா வரும்; கொய்யாவோ வாழைப்பழமோ வைத்தால் கொண்டைக்குருவி வரும். தேன்சிட்டும் தையல்சிட்டும் தானியத்தைத் திரும்பியும் பாரா. அவற்றுக்குச் செடி கொடி வேண்டும். பங்குனி, சித்திரையில் எங்கள் வெயிலுக்குத் தண்ணீர்ச் சட்டியே தலையாய தீனி. அதை நாள்தோறும் கழுவி நிரப்ப வேண்டும். சென்னை இராயப்பேட்டையில், புகைப்படக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவர் தம் மாடியில் ஊறவைத்த அரிசி இட்டு ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்த செய்தி நாடறிந்தது. எல்லாராலும் அது ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. மிகுதியாக இட்டால் மாடப்புறாக் கூட்டமே முற்றத்தை ஆளும். கோழிப்பண்ணைகள் மிகுந்த நாமக்கல்லிலோ, தீவனக் கொட்டகையில் காட்டுப் பறவை நுழையாதபடி வலை கட்டுகிறார்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்ட பிறகு, அவர்கள் அச்சத்தைக் குறை கூற முடியாது. பண்ணையை அடுத்து வீடு உள்ளவர் தீனி இறைக்காமல் மரம் வளர்ப்பதே பொருத்தம்.

படம் எடுக்க இன்று பெரிய கருவி தேவையில்லை. சட்டிக்கு இரண்டு முழத் தொலைவில் காய்ந்த கிளை ஒன்றை நட்டுவைத்தால், பறவை இறங்குமுன் அதில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். படம் மங்கலாக இருந்தாலும் நாளும் இடமும் சேர்த்து வைத்தால் அது சான்று. அழகாக இருந்தும் நாளும் இடமும் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 2013 முதல் பங்குகொள்கிறார்கள். அது பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பொங்கல் நாட்களிலும் இத்தகைய கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் இருந்து, கண்ட பறவைகளையும் அவற்றின் தொகையையும் குறிக்க வேண்டும் என்பதே விதி. பொங்கலன்று நம் வாசலில் அரிசி மாக்கோலமும் புறக்கடையில் புதுத் தானியமும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மாங்குயிலும் அப்போது சமவெளியில்தான் இருக்கும்.