மலை ஏற ஒரு மோட்டார்: 130 வருடக் கணக்கு

டேராடூன் கிளைக்கு மாற்றலாகி வந்தபின் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி கடன் வட்டி பற்றியது அல்ல. "சார், மலைப்பாதையில் ஓட்ட மின்சார சைக்கிள் வாங்கலாமா? எதை வாங்கலாம்?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளும் கையுமாகத் திரிகிறவன் என்று பெயராகிவிட்டது. கேட்கிறவர்கள் எல்லாம் வாட்டையும் விலையையும் வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் காமர்ஸ் படித்தவன், இயந்திரம் படித்தவன் அல்ல. எந்தக் கணக்கானாலும் ஆரம்ப இருப்பைப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பின்னோக்கிப் போனால், இன்று கடையில் நாம் குழம்பும் விஷயங்களில் பாதி 1890களிலேயே பேசி முடிக்கப்பட்டவை.

1895 டிசம்பர் 31. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் ஊரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவருக்கு மின்சார சைக்கிளுக்கான காப்புரிமை கிடைத்தது. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார், சட்டத்தில் தொங்கும் 10 வோல்ட் பேட்டரி. இன்று நாம் 'ஹப் மோட்டார்' என்கிறோமே, அதேதான். சரியாக இரண்டு வருடம் கழித்து, 1897 டிசம்பரில், பாஸ்டனைச் சேர்ந்த ஹோசியா லிப்பி இன்னொரு காப்புரிமை வாங்கினார். அவர் மோட்டாரைச் சக்கரத்தில் வைக்கவில்லை, பெடல் சுற்றும் அச்சில் வைத்தார். இன்றைய 'மிட் டிரைவ்' அமைப்புக்கு அது மூதாதை.

ஆக, மோட்டார் சக்கரத்திலா பெடலிலா என்ற கேள்விக்கு இரண்டு பதில்களும் இரண்டே வருட இடைவெளியில் வந்துவிட்டன. ஆனால் இரண்டும் வியாபாரமாகவில்லை. ஈய பேட்டரியின் கனம் ஒரு பக்கம், பெட்ரோல் எஞ்சின் இன்னொரு பக்கம். அடுத்த நூறு வருடம் சைக்கிள் காலாலேயே ஓடியது.

இனி மலைக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில் டமால்பைஸ் என்று ஒரு மலை. 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள் 1930, 40களின் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி எடுத்து, தடித்த டயர் மாட்டி, மலையிலிருந்து கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம். சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். இருந்தது பின்சக்கரத்தில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். கீழே வருவதற்குள் அந்தச் சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அப்படி அடைக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே, 'ரீபேக்', அந்தப் பாதைக்கும் பெயராகிவிட்டது.

இதில் பலரும் கவனிக்காதது, அவர்கள் மேலே எப்படிப் போனார்கள் என்பது. பிக்-அப் லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போனார்கள், இல்லையென்றால் தள்ளிக்கொண்டே ஏறினார்கள். 20 கிலோவுக்கு மேல் கனம், ஒரே கியர். வேறு வழி? மலை சைக்கிளின் முதல் வடிவம் இறங்க மட்டுமே தெரிந்த சைக்கிள்.

ஏறுவதற்கு முதல் தீர்வு கியர். கேரி ஃபிஷர் தன் பழைய வண்டியில் கியர் மாட்டினார். ஜோ பிரீஸ் 1977இல் புதுக் குழாய்களை வைத்து மலைக்கென்றே ஒரு சட்டம் செய்தார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். சட்டங்களைச் செய்து கொடுத்தவர் டாம் ரிச்சி. 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' மாடலைத் தொழிற்சாலையில் செய்து விற்றது. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். இந்த இருபது வருட முன்னேற்றமும் கனத்தைக் குறைப்பது, கியரைக் கூட்டுவது, இவ்வளவுதான். காரணம், எஞ்சின் மனிதக் கால்.

மோட்டார் திரும்பி வந்தது ஜப்பானில், 1993இல். யமஹா கம்பெனியின் 'பாஸ்' சைக்கிள். மலைக்காகச் செய்ததல்ல, கடைக்குப் போய்வருகிறவர்களுக்காக. ஆனால் அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. கைப்பிடியில் முறுக்கி வேகம் கூட்டும் வசதி கிடையாது. பெடலை நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும். நீங்கள் ஒரு பங்கு போட்டால் மோட்டாரும் ஒரு பங்குக்கு மேல் போடாது. நீங்கள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். அதனால்தான் ஜப்பான் அரசு அதை மோட்டார் வாகனமாகக் கருதாமல் சைக்கிள் என்று ஒப்புக்கொண்டது. லைசென்ஸ் தேவையில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் மார்ஜின் மணி மாதிரி. வாடிக்கையாளர் தன் பங்கைப் போட்டால்தான் வங்கி தன் பங்கைப் போடும் :-)

2002இல் ஐரோப்பா இதையே விதியாக்கியது. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், மிதித்தால் மட்டுமே உதவி. லித்தியம் பேட்டரியும் விலை இறங்கி வந்தது. 2010இல் ஜெர்மனியின் ஹைபைக், பெடல் அச்சில் பாஷ் மோட்டார் வைத்த மலை சைக்கிளைக் காட்டியது. 2015இல் ஸ்பெஷலைஸ்டு 'லீவோ', 2016இல் ஷிமானோவின் மலை மோட்டார். 2019இல் கனடாவில் மின்சார மலை சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹேதர்லியும் சுவிட்சர்லாந்தின் நத்தாலி ஷ்னைட்டரும் ஜெயித்தார்கள்.

கவனித்தீர்களா? மலைக்கு என்று வந்தபோது பெரிய கம்பெனிகள் எல்லாம் லிப்பியின் பக்கம் போய்விட்டன. ஹப் மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்போது அது மின்சாரத்தைச் சூடாக மாற்றுகிறதே தவிர வேலையாக அல்ல. பெடல் அச்சு மோட்டாரின் விசை செயின் வழியே கியருக்குப் போகிறது. சின்ன கியரைப் போட்டால் மோட்டார் தன் சௌகரியமான வேகத்திலேயே சுற்றும். செயின் சீக்கிரம் தேயும், அது அதற்கான செலவு. சமதளத்துக்கு, கங்கைக் கரையோரச் சாலைக்கு ஹப் மோட்டாரே போதும், விலையும் குறைவு. கல்லும் வேருமாக உள்ள ஏற்றத்துக்கு அது சரிப்படாது.

இரண்டாவது, சென்சார். விலை குறைந்த வண்டிகளில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார். லேசாகக் கால் வைத்தாலும் மோட்டார் பாய்ந்துவிடும். ராஜ்பூர் ரோட்டில் பரவாயில்லை. ஒரு பக்கம் பள்ளம் உள்ள ஒற்றையடிப் பாதையில் அந்தப் பாய்ச்சல் ஆபத்து. யமஹா 1993இல் செய்ததுபோல அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது பேட்டரி. இங்கே ஒரு சின்னக் கணக்கு. டேராடூன் சுமார் 640 மீட்டர் உயரம், முசூரி சுமார் 2000. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த உயரத்தை ஏற மட்டும் சுமார் 370 வாட்-மணி வேண்டும். பாதியை நீங்கள் மிதித்தாலும் மோட்டார் 185 தர வேண்டும். அதன் திறன் முக்கால் பங்கு என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 250 போகும். உராய்வு, காற்று தனி. நம் ஊர்களில் சாதாரணமாக விற்கும் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 280. சாலையிலேயே இழுபறி, மண் பாதையில் கையை விரித்துவிடும். 500 இருந்தால் நிம்மதி. சில நூறு முழு சார்ஜுக்குப் பிறகு பேட்டரிக்கும் தேய்மானம் உண்டு. மாற்று பேட்டரி விலையை இன்றே கேட்டு வைப்பது நல்லது.

ஏறிய சக்தி அத்தனையும் இறங்கும்போது பிரேக்கில்தான் சூடாகும். ரீபேக்கில் கிரீஸ் எரிந்த கதை இதுதான். மோட்டார் வந்தபின் சைக்கிள் மறுபடி 20, 25 கிலோ ஆகிவிட்டது. எனவே ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது. இது சைக்கிளா, மோட்டார் வாகனமா? நம் மத்திய மோட்டார் வாகன விதிகளும் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள் என்றுதான் கோடு போடுகின்றன. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். "750 வாட் சார், போலீஸ் கேட்காது" என்று விற்கிறார்கள். போலீஸ் கேட்காமல் இருக்கலாம். ஒருவர் மேல் மோதிவிட்டால் நஷ்ட ஈட்டுக் கேள்வி வரும், அப்போது இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனத்தின் சொந்தக்காரர் நீங்கள்.

இன்னொன்று, பாதை. மலை சைக்கிள் பிறந்த மரினிலேயே, நடக்கிறவர்களும் குதிரைக்காரர்களும் புகார் சொல்லி, குறுகிய பாதைகளில் பெரும்பாலானவை 1980களில் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அது மோட்டார் இல்லாத சைக்கிளுக்கே நேர்ந்தது. 2024இல் டிஜேஐ கம்பெனி கொண்டுவந்த மோட்டார் 105 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. 250 வாட் என்பது தொடர்ந்து தரும் அளவுக்கான முகமதிப்பு, உச்சத்தில் அதன் பல மடங்கு வருகிறது. இப்படிப் போனால் சைக்கிள் என்ற சலுகையே போய்விடும் என்று ஐரோப்பிய சைக்கிள் தொழிலுக்குள்ளேயே கவலைப்படுகிறார்கள். இங்கே ராஜாஜி போன்ற வனப்பகுதிகளில் சைக்கிளானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். கிராமத்துப் பாதைகளில் புல் சுமந்து வரும் பெண்களுக்குத்தான் முதல் உரிமை.

எங்கள் கிளையில் ஒரு கட்வாலிப் பையன் ஒன்றரை லட்சம் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பெடல் அச்சில் மோட்டார், அழுத்தம் அளக்கும் சென்சார், 500 வாட்-மணி, நல்ல பிரேக், 250 வாட்டுக்கு மேல் வேண்டாம். "இதெல்லாம் சேர்ந்தால் பட்ஜெட் தாண்டுகிறதே சார்" என்றான். தாண்டினால் இன்னும் ஒரு வருடம் சேர்க்கட்டும். அதுவரை நல்ல கியர் உள்ள சாதா மலை சைக்கிளில் பழகட்டும். மரின் பையன்களும் முதலில் தள்ளிக்கொண்டுதானே ஏறினார்கள்.